அழுகல் தடி – ஒன்று

ஒரு மரத்தின்மேல் பத்து வருடமாகக் கோபத்தோடு இருக்கும் ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இப்போது பார்த்துக்கொள்ளுங்கள். வாகை மரத்தைக் கண்டால் எனக்கு ஆகாது. பஸ்ஸில் போகும்போது ரோட்டோரம் ஒரு வாகை நின்று, காய்ந்த நெற்றுகளைக் காற்றில் கலகலவென்று ஆட்டினால், அது என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறது என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வேன். (என் மனைவி சொல்வாள்: "உங்களுக்குக் கோபம் வாரதுக்குக் காரணம் வேண்டாம். நேரம் இருந்தாப் போதும்." தூத்துக்குடியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு மணிவரை கடையில் ஈ காக்காய் இருக்காது. நேரத்துக்கா பஞ்சம்?)

கோபம் மரத்தின்மேல் மட்டுமல்ல. அதை வாங்கிய மில்காரர்மேல் கோபம். பார்க்க வந்த ஆசாரிமேல் கோபம். என் அக்காமேலும் கோபம். இந்த மூன்று பேரில் ஒருவர்கூட என்னிடம் ஒரு பொய் சொல்லவில்லை என்பதுதான் என்னைப் போட்டு வறுக்கிறது. யாராவது ஏமாற்றியிருந்தால் ஒரு கேஸாவது போட்டிருப்பேன். இது நானே போய், வலிய, வண்டி வாடகை கொடுத்து ஏமாந்தது.

நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சொல்லி, போன தீபாவளிக்குச் சொன்ன பதிப்பில் நான் மரத்தோடு பேசியதாக வந்துவிட்டது. பேசவில்லை. தட்டினேன். அவ்வளவுதான்.

என் அக்கா செல்வி சாத்தான்குளத்துக்குப் பக்கத்து ஊரில் வாக்கப்பட்டவள். அத்தான் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் ஒருநாள் வீட்டில் படுத்தால் அதிகம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டால் அக்காவால் வீட்டில் சும்மா இருக்க முடியாது. மரச்செக்கு எண்ணெய்க்கு ஊரெல்லாம் கிராக்கி கிளம்பிய நேரம் அது. மோட்டாரில் ஓடும் மரச்செக்கு ஒன்று போட்டு, எண்ணெய் ஆட்டி விற்பது என்று முடிவுசெய்தாள். அக்கா முடிவுசெய்தாள் என்றால் அதற்குப் பிறகு பேச்சே கிடையாது. கொட்டகைக்குத் தகரம் வந்து இறங்கியது. மோட்டாருக்குச் சொல்லியாயிற்று. எள்ளுக்கும் கடலைக்கும் ஆள் பிடித்தாயிற்று. செக்கை நடுவதற்குக் குழிகூடத் தோண்டியாயிற்று. செக்கு மட்டும்தான் பாக்கி.

செக்கு உரலுக்கு வாகைதான் தோது. எள்ளும் கடலையும் நாள் முழுக்க அரைபடுகிற இடமல்லவா? வைரம் பாய்ந்த, ஓர் ஆள் கட்டிப்பிடித்தால் கை எட்டாத பருமனுள்ள அடித்தடி வேண்டும். அப்படி ஒன்றை வெளியில் விலைக்கு வாங்க அக்காவால் ஆகாது. ஆனால் அவள் நிலத்திலேயே இரண்டு வாகைகள் நின்றன. ஒன்று கிணற்றடியில். தண்ணீரைக் குடித்துக் குடித்து, வேகமாக வளர்ந்து, பட்டையெல்லாம் வழவழவென்று, பார்க்க மாப்பிள்ளை மாதிரி நிற்கும். அதன் வேர் கிணற்றுச் சுவரைப் பிளந்துகொண்டிருந்தது. மற்றது தேரி ஓரத்தில், செம்மணலில், எந்தக் காலத்திலிருந்தோ நின்ற முண்டும் முடிச்சுமான கிழம். அது நின்றது சரியாகக் கொட்டகை வரவேண்டிய இடத்தில். இரண்டையும் வெட்டிச் சாய்த்தாள். ஒவ்வொன்றிலும் ஆறடி நீளத்தில் ஓர் அடித்தடி தேறியது. ஒன்று செக்குக்கு. மற்றதை மரம் அறுக்கும் மில்லுக்குப் போட்டால் ஆசாரியின் கூலிக்கு ஆகும். எது செக்குக்கு, எது மில்லுக்கு என்பதை ஆசாரி வந்து சொல்வார். அதன்பிறகு மில்காரரிடம் விலை பேச நான் போகவேண்டும். அதுதான் திட்டம்.

என் முறை கடைசியில்தான். நான் முதலிலேயே போய்விட்டேன்.

காரணம் ஒரு போன். அக்கா, அத்தானுடைய தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு வேம்பார் போயிருந்தாள். அங்கிருந்து கூப்பிட்டாள்.

"ஏலே, ஆசாரி வியாழக்கிழமைதான் வாராராம். அவரு வந்து பாக்குத வரைக்கும் தடியத் தொடாத. கேட்டியா?"

"ஆசாரி என்னத்தக்கா பாக்கப் போறாரு? மரந்தான? நான் பாத்தாப் போதாதா?"

"நீ கடையில பருப்பப் பாரு."

போனை வைத்துவிட்டாள். நீ கடையில பருப்பப் பாரு! கடையில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் கேட்டது துவரம்பருப்பு. நிறுத்துப் போட்ட கோபத்தில் கால் கிலோ கூடப் போய்விட்டது. பனங்காட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். சின்ன வயதில் எங்கள் ஊரில் பனை அறுக்கிற இடமெல்லாம் போய் நின்று, எது கூரைக் கைமரத்துக்கு ஆகும், எது அடுப்புக்கு ஆகும் என்று தட்டிப் பார்த்தே சொல்வேன். (சொல்வேன். யாரும் கேட்டதில்லை. ஆனாலும் சொல்வேன்.) எனக்கு மரம் பார்க்கத் தெரியாதாம். கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, அடுத்த சாத்தான்குளம் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

இங்கே ஒரு சங்கதியை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைக்கு உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்து, எனக்கு மட்டும் தெரியாத சங்கதி. பனைக்கு வைரம் வெளியே இருக்கும். கறுகறுவென்று இரும்பு மாதிரி வெளிச்சுற்று. நடுவில் வெளுத்த சோறு. அதைத் தோண்டி எறிந்துவிட்டு வெளிச்சுற்றைத்தான் எடுப்பார்கள். நல்ல பனை என்றால் வெளிவட்டத்தைப் பார்க்கவேண்டும். நடுவில் நிறம் மாறிக் கறுத்திருந்தால் தண்ணீர் இறங்கி அழுகிவிட்டது என்று அர்த்தம். மற்ற மரங்கள் அப்படியே தலைகீழ். வைரம் நடுவில். வெளியே இருக்கும் வெளுத்த வளையத்துக்கு வெள்ளை என்று பெயர். அதற்கு விலை கிடையாது, வண்டுக்குத் தீனி. அதிலும் வாகையின் வைரம் கறுப்பும் தவிட்டு நிறமும் கலந்து இருண்டு கிடக்கும்.

வைரம் பாய்ந்த மரம் என்று ஆயிரம் தடவை என் வாயால் சொல்லியிருக்கிறேன். எங்கே பாய்கிறது என்று ஒரு தடவை யோசித்ததில்லை.

போனேன். இரண்டு தடியையும் சுற்றி வந்தேன். கிணற்றடித் தடியின் வெட்டுமுகம் தேங்காய்ப் பருப்பு மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. நட்டநடுவில் மட்டும் ஒரு கறுப்பு வட்டம், வடை அளவுக்கு. அதை மன்னித்தேன். தேரித் தடியைப் பார்த்ததும் 'ஐயையோ' என்றேன். வெளியே இரண்டு விரல் அகலம்தான் வெள்ளை. உள்ளே முழுக்கக் கறுப்பு! தட்டினேன். கணீரென்று ஒரு சத்தம். 'உள்ளே பொந்து விழுந்திருக்கிறது, அதுதான் மணி மாதிரி அடிக்கிறது' என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

கணக்கும் போட்டேன், சும்மா இல்லை. மரக்கடையில் கேட்டு வைத்திருந்த கணக்கு: தடியின் நடுவில் டேப்பைச் சுற்றி, வந்த அங்குலத்தை நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீள அடியால் பெருக்கி, நூற்று நாற்பத்து நாலால் வகுத்தால் கன அடி. சுற்றளவு எண்பத்து நாலு அங்குலம். பதினெட்டுக் கன அடி வந்தது. பொந்து, அழுகல் இருந்தால் கழிக்கவேண்டும் என்பதும் தெரியும். நடுக்கறுப்பு முழுவதையும் அழுகல் என்று கழித்தேன். பதிமூன்று போய்விட்டது. மிச்சம் ஐந்து கன அடி. சுற்றியிருக்கும் அந்த வெள்ளை வளையம் மட்டும்.

அதாவது, தேங்காயை உடைத்து, பருப்பைக் கழித்துவிட்டு, சிரட்டைக்கு விலை போட்டிருக்கிறேன்.

ஆசாரி வந்து இதைப் பார்த்துவிட்டு, 'ஒண்ணு அழுகல், ஒண்ணு நல்லது' என்று சொல்ல ஒரு கூலியா? அக்கா வருவதற்குள் வேலையை முடித்து, அவள் முகத்துக்கு நேரே 'பருப்பையும் பாப்பேன், மரத்தையும் பாப்பேன்' என்று சொல்லவேண்டும். உடனே ஒரு லாரி பிடித்தேன். நாலு பேர் சங்கிலி போட்டு, முக்கி முனகி தேரித் தடியை ஏற்றினார்கள். அதில் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "என்ன அண்ணாச்சி, கல்லு மாதிரில்லா கனக்கு!" என்றார்.

"அழுகல்லா? தண்ணி கோத்திருக்கும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். தடியைப் பார்த்தார். கூலியை வாங்கி எண்ணாமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பைத்தியக்காரர்களிடம் சில்லறை பேசக்கூடாது என்று நினைத்திருப்பார் போல.

கிளம்புவதற்கு முன் கிணற்றடித் தடிக்கு ஒரு சந்தனப்பொட்டு வைத்தேன். செக்காகப் போகிற மரமல்லவா!

தூத்துக்குடியில், துறைமுக ரோட்டுப் பக்கம் ஒரு மர மில். பெயர் வேண்டாம். உள்ளே கப்பலில் வந்து இறங்கிய வெளிநாட்டுத் தடிகள் நுனியில் நம்பர் எழுதி மலை மாதிரி கிடந்தன. மில்காரர் மெதுவாகப் பேசும் மனிதர். (மெதுவாகப் பேசுகிறவர்களைக் கண்டாலே இப்போது எனக்குக் கோபம் வருகிறது.) லாரிக்குப் பக்கத்தில் வந்து, "என்ன மரம் அண்ணாச்சி?" என்றார்.

"வாகை. ஆனா உள்ளதச் சொல்லிருதேன். அழுகல்."

அவர் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, வெட்டுமுகத்தில் ஊற்றினார். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்தார். நனைந்ததும் நடுக்கறுப்பு காப்பி டிக்காஷன் மாதிரி மின்னியது. உள்ளங்கையை அதன்மேல் வைத்து, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோலக் கொஞ்ச நேரம் நின்றார். ஐயோ பாவம், கெட்டுப்போன மரத்துக்காக வருத்தப்படுகிறாரே என்று எனக்கே மனசு இளகிவிட்டது.

"அழுகல்னு எத வச்சுச் சொல்லுதிய?" என்றார்.

வாயை மூடிக்கொள்ள ஒரு நல்ல சந்தர்ப்பம். விட்டுவிட்டேன். பனையில் ஆரம்பித்தேன். வெளிவட்டம், நடுச்சோறு, தண்ணீர் இறங்குவது, தட்டினால் வரும் சத்தம் என்று கால் மணி நேரம் விளக்கினேன். மில்லில் ரம்பத்தை நிறுத்திவிட்டு ஆட்கள் வந்து நின்று கேட்டார்கள். என் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை என்று நினைத்து, குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன்.

"பனைக்கு நீங்க சொல்லுதது ரொம்பச் சரி அண்ணாச்சி" என்றார் மில்காரர்.

பனைக்கு! எவ்வளவு ஜாக்கிரதையாகச் சொல்லியிருக்கிறார் பாருங்கள்.

"பதினெட்டுக் கன அடி. அழுகல் பதிமூணு கழிச்சா, அஞ்சுதான் நிக்கும்" என்று என் கணக்கை நீட்டினேன்.

"அந்த அஞ்சும் எதுக்கு? விறகுன்னே எடையில போட்டுருவோம்."

சம்மதித்தேன். எடைமேடையில் வைத்தால் முள் ஓடிய ஓட்டத்தில் ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? அழுகல் தடி எங்கேயாவது அந்தக் கனம் கனக்குமா? எனக்குச் சந்தேகம் வரவில்லை, சந்தோஷம் வந்தது.

கிளம்பும்போது இன்னொரு காரியம் செய்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த காரியங்களிலேயே முட்டாள்தனமானது அதுதான் என்று அன்று யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்.

"ரசீதுல அழுகல்னு எழுதுங்க" என்றேன்.

"அதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி? விறகுன்னு போட்டாப் போதும்."

"இல்ல, எழுதணும். நாளைக்கு அறுத்துப் பாத்துட்டு, அழுகலத் தலையில கட்டிட்டாம்னு யாரும் எம்பேரச் சொல்லக்கூடாது. நான் கடைக்காரன். எனக்கு நாணயம் முக்கியம்."

அவருக்கு மனசே இல்லை. என் முகத்தைப் பார்த்தார். விடமாட்டேன் என்று தெரிந்ததும், மில் பெயர் அச்சடித்த ரசீதில், தன் கையாலேயே எழுதினார்: 'அழுகல் தடி – 1. விறகுக்கு.' கையெழுத்தும் போட்டார். அப்புறம் டீயும் ஒரு பொட்டலம் முந்திரி மக்ரூனும் வாங்கிவரச் சொன்னார். தடி விற்க வந்த எவனுக்கும் அந்த மில்லில் பச்சைத் தண்ணீர்கூடக் கிடைத்ததில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். மக்ரூனை முழுக்கத் தின்றேன். நல்லாத்தான் இருந்தது. அதுவும் ஒரு எரிச்சல்.

வியாழக்கிழமை வந்தது. அக்கா வேம்பாரிலிருந்து காலையில்தான் வந்திருந்தாள். நானும் கடைக்கு லீவு விட்டுவிட்டு, வெற்றிவிழாவுக்குப் போவதுபோலப் போயிருந்தேன். தேரிப்பக்கம் காலியாகக் கிடப்பதைப் பார்த்து அவள் கேட்பதற்குள் ஆசாரி சைக்கிளை நிறுத்திவிட்டு வந்துவிட்டார்.

வந்தவர் கிணற்றடித் தடிமுன் நின்றார்.

"சந்தனம் யாரு வச்சது?"

"நான்தான்" என்றேன்.

"நல்லது. ஒரு மாலையும் போட்டுருக்கலாம்."

உளியை எடுத்து ஒரு சில்லு பெயர்த்தார். வெள்ளை. இன்னொன்று. அதுவும் வெள்ளை. உளியைத் துடைத்துப் பையில் போட்டார். "இதுல செக்கு செஞ்சா எண்ணெய் வராது தாயி, மாவுதான் வரும். வண்டு ஆறு மாசத்துல ஆட்டி முடிச்சிரும். இன்னொண்ணு இருக்குன்னியள, அது எங்கன?"

"அது அழுகிப்போச்சு. வித்தாச்சு" என்றேன்.

"அழுகலா? எப்படி இருந்துச்சு?"

"உள்ள பூராவும் கறுப்பு. வெளிய மட்டும் ரெண்டு வெரல் நல்லாருந்துச்சு."

ஆசாரி சந்தனப்பொட்டின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு, திட்டுவதுபோல இல்லாமல், வியாதியின் பெயரைக் கேட்கும் வைத்தியர் மாதிரி, "அண்ணாச்சி, நீங்க பனங்காட்டுல வளந்தவியளா?" என்றார்.

"ஆமா."

"அதான்."

அப்புறம் வெள்ளை என்றால் என்ன, வைரம் என்றால் என்ன என்று அக்காவிடம் இரண்டே வரியில் சொன்னார். நான் மில்லில் கால் மணி நேரம் தப்பாகச் சொன்னதை அந்த ஆள் இரண்டு வரியில் சரியாகச் சொல்லிவிட்டார். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கவில்லை.

அக்கா கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை. கொட்டகை இடத்தில் தோண்டிவைத்திருந்த குழியைப் பார்த்தாள். பக்கத்தில் அடுக்கியிருந்த தகரத்தைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடி வாங்க எங்கிட்ட ஒண்ணும் கிடையாதுலே" என்றாள். "உங்க அத்தான் மூணு வருசமா ராத்திரி டிரிப்பு ஓட்டுனது அம்புட்டும் இந்தக் கொட்டகையிலதான் நிக்கி."

எனக்குக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. யார்மேல் என்று தெரியாத கோபம். "இப்பவே போயி அந்த மில்காரன..." என்று வேட்டியை மடித்துக் கட்டினேன்.

"வா. ஆனா அங்கன வந்து வாயத் தொறந்தியோ, ஒன்னயத் தூக்கிக் குழிக்குள்ள நட்டுருவேன்."

பஸ் தூத்துக்குடியை நெருங்கும்போது அக்கா, "ரசீது எங்க?" என்றாள். சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"அழுகல்னு அவரா எழுதுனாரு?"

"அவரு மாட்டேன்னுதான் சொன்னாரு. நான்தான் புடிவாதமா எழுதச் சொன்னேன். நாணயம்னு ஒண்ணு இருக்குல்லா?"

அன்றைக்கு முதல் தடவையாக அவள் உதட்டோரத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. ரசீதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

மில் வாசலில், நிழல் பார்த்து, நம் தடியை ராஜா மாதிரி படுக்கவைத்திருந்தார்கள். வெடிக்காமல் இருக்க மேலே ஈரச்சாக்கு போர்த்தியிருந்தார்கள். சாக்பீஸில் 'செக்கு' என்று எழுதி, சுற்றி ஒரு வட்டம் வேறு. விறகுக்கு வாங்கிய தடிக்கு ஈரச்சாக்கு! வாயைத் திறக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வாசலில் ஒரு டிராக்டர் நின்றது. யாரோ ஒரு விவசாயி வேப்பந்தடி விற்க வந்து, டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தார்.

அக்கா மில்காரரிடம் போய், ஒன்றும் தெரியாதவள் மாதிரி, "இந்தத் தடி என்ன விலை அண்ணாச்சி?" என்றாள்.

அவருக்கு அவளைத் தெரியாது. என்னை அவர் கவனிக்கவில்லை. உற்சாகமாக டேப்பைச் சுற்றினார். "எண்பத்து நாலு அங்குலம். பதினெட்டுக் கன அடி. வெள்ளை அஞ்சு கழிச்சா, சுத்த வைரம் பதிமூணு. தேரிக்காட்டு வாகைம்மா. தண்ணியில்லாம நின்னு இறுகுனது. இந்தச் சுத்துவட்டாரத்துலயே கிடையாது."

பதினெட்டு, பதிமூன்று, ஐந்து. எல்லாம் என் கணக்கு! ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. கழித்ததை எடுத்து, எடுத்ததைக் கழித்திருந்தார். அப்புறம் அவர் சொன்ன விலைக்கு அக்காவின் கொட்டகையையே விற்றாலும் காணாது.

நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"யோவ், இது அழுகல் தடி!"

மில்காரர் திரும்பினார். ஒரு நொடி முகம் மாறியது. உடனே பழைய மெதுவான குரல் வந்துவிட்டது. "அடடே, வாங்க அண்ணாச்சி. அழுகல்னு நீங்கதான சொன்னிய? நான் சொல்லலியே."

"நீரு மறுக்கலியே!"

"பனைக்குச் சரின்னு சொன்னேன்."

"அழுகல் தடிக்கு எதுக்குவே இந்த விலை?"

"அழுகலுன்னா நீங்க எதுக்கு வாங்க வாறிய?"

அழுகல் என்று சொன்னால் வாங்க வந்தது தப்பு. நல்ல தடி என்று சொன்னால் விற்றது தப்பு. கோபத்தில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கத்தினேன். "சுத்த அழுகல்! அந்த வைரத்தக் குடும்வே!" என்று ஒரே மூச்சில் நான் கத்தியதாக அக்கா சொல்கிறாள். இருக்கலாம்.

இதற்குள் அக்கா நேராக டிராக்டரிடம் போய்விட்டாள்.

"அண்ணே, இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் சத்தமாப் படிச்சுச் சொல்லுங்க. எனக்குக் கண்ணாடி இல்லாம எழுத்துத் தெரியல." (அவளுக்குக் கண்ணாடியே கிடையாது. எறும்புக்குக் கண் இருக்கிறதா என்று சொல்லும் பார்வை.)

டிராக்டர்காரர் சத்தமாகவே படித்தார். "அழுகல் தடி, ஒண்ணு. விறகுக்கு. மில்லுக் கையெழுத்து இருக்கு."

"அந்தத் தடிதான் இந்தா கிடக்கு. நீங்களே பாருங்க."

அவர் இறங்கி வந்தார். சாக்கைத் தூக்கிப் பார்த்தார். விரல் முட்டியால் தட்டினார். கணீரென்றது. "இதுவா அழுகலு?" என்றார். ரசீதைப் பார்த்தார். தன் டிராக்டரில் கிடந்த வேம்பைப் பார்த்தார். "மொதலாளி, போன மாசம் எங்க மச்சான் கொண்டாந்த பூவரசுலயும் பாதி அழுகல்னுதான கழிச்சிய?" என்று கேட்டுக்கொண்டே வண்டியில் ஏறி ஸ்டார்ட் பண்ணினார். அதற்குப் பின்னால் வந்து நின்ற இன்னொரு வண்டிக்காரர், "என்னவே, என்ன சங்கதி?" என்று கழுத்தை நீட்டினார்.

அக்கா ரசீதை அவர் பக்கம் நீட்டினாள்.

மில்காரருக்கு முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. "இரும்வே, எங்க போறீரு! ஏம்மா, நீங்க யாரு? ஒங்களுக்கு என்ன வேணும்?"

"மரத்துக்காரி. இவன் என் தம்பி. இவனுக்குப் பருப்புதான் பாக்கத் தெரியும்" என்றாள். "நீங்க வாங்குன எடை விலைக்கே தாங்க. இல்லன்னா நான் சாயங்காலம் வரைக்கும் இங்கனயே இருக்கேன். எனக்கு வேற சோலி இல்ல. வார வண்டிக்கெல்லாம் இதப் படிக்கச் சொல்லுதேன்."

சொல்லிவிட்டு, தடியின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அவர் அவளைப் பார்த்தார். வாசலில் நின்ற இரண்டு வண்டிகளைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, 'உன்னை நாணயக்காரனாகப் பெற்றவர்கள் நல்லா இருக்கட்டும்' என்பதுபோல ஒரு பார்வை. பிறகு எடைமேடையைக் காட்டினார்.

அதோடாவது விட்டாளா? மேடையில் தடி ஏறியதும், "ஈரச்சாக்க எடுங்க. நான் தடிக்குத்தான் வந்தேன், தண்ணிக்கு இல்ல" என்றாள். சாக்கை எடுத்ததும் முள் இறங்கியது. நாலு நாள் காய்ந்ததில் இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தது. நான் விற்றதைவிடக் குறைந்த விலைக்குத் திருப்பி வாங்கினாள். ரசீதை அவரிடம் கொடுத்துவிடு என்று நான் சொன்னதற்கு, "நீ பேசாத" என்று பதில் வந்தது. போகும்போது அவரைப் பார்த்து, "மக்ரூன் நல்லாருந்துச்சாம், தம்பி சொன்னான்" என்றாள்.

தடி நிழலில் கிடந்து காய்ந்து, ஆசாரி குடைந்து, செக்கு ஓட ஆரம்பிக்க அந்த வருடம் முடிந்துவிட்டது. இன்றைக்கும் ஓடுகிறது. அக்காவின் பெரிய மகள் கல்லூரி முடித்தது அதில்தான். அத்தான் ராத்திரி டிரிப்பை விட்டுவிட்டார். என் கடையிலும் அந்த எண்ணெய்தான் விற்கிறேன். நான் பொறுக்கியெடுத்த வெள்ளைத் தடியைக் கொட்டகை வாசலில் உட்காரப் போட்டார்கள். அதில் உட்கார்ந்து எழுந்தால் வேட்டியின் பின்பக்கம் பவுடர் பூசியது மாதிரி வண்டுத்தூள் ஒட்டியிருக்கும். நான் போனால் எனக்கு அந்த இடம்தான். ரசீதை லேமினேட் செய்து, செக்குக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். எண்ணெய் வாங்க வருகிறவர்கள் கேட்பார்கள். அக்கா முழுக் கதையும் சொல்வாள். சலிக்கவே சலிக்காது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. இப்போது எங்கள் குடும்பத்தில் எது வாங்குவதென்றாலும் என்னைக் கட்டாயம் கூட்டிப்போகிறார்கள். புடவை, மிக்ஸி, கத்தரிக்காய், எதுவானாலும். என்னிடம் கேட்பார்கள். நான் ஒன்றைக் காட்டுவேன். பேசாமல் மற்றதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா தூத்துக்குடிக்கு வந்திருந்தாள். ரோட்டோரம் தர்ப்பூசணி குவித்திருந்தார்கள். நல்லதாக இரண்டைப் பிரித்து வைத்துவிட்டு, என் மனைவி, "நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றாள். இரண்டையும் தட்டினேன். காதை வைத்துக் கேட்டேன். "இதுதான். சந்தேகமே இல்ல" என்றேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மற்றதைத் தூக்கினார்கள். எனக்கு வந்ததே கோபம்! என் கைக்காசைப் போட்டு நான் சொன்னதை வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, கூடத்து நடுவில் வைத்து, அவர்கள் கண் முன்னால் ஒரே வெட்டாக வெட்டினேன்.

உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது.

எழுந்து உள்ளே போன என் மனைவியின் குரல் சமையலறையிலிருந்து வந்தது.

"சந்தனம் கொண்டாரவா?"